கறுப்புத் திரையில் அண்ணாச்சி

கதவைத் திறந்த இசக்கி சிரித்தாள். அந்த வீட்டில் பல மாதங்களாக யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. நனைந்த குடையை எங்கே சாய்ப்பது என்றுகூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றேன். மழை இரைச்சலில் அவள் என் காதருகே குனிந்து சொன்னாள்.

"அக்கா, அப்பா ஓகே சொல்லிட்டாரு. நாளைக்கு அட்மிஷன். பேக் எல்லாம் ரெடி."

"எதுக்கு ஓகே சொன்னாரு?"

"ஆபரேஷனுக்குத்தான்க்கா! வழி இருக்குன்னு அவரே டைப் பண்ணாரு. நம்பலைன்னா உள்ள வந்து பாருங்க, இன்னும் ஸ்க்ரீன்லயே இருக்கு."

மும்பை செம்பூரில் குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி அது. ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல் மேடை. மழைக்காலம் என்பதால் துணியெல்லாம் கொடியில் வீட்டுக்குள் தொங்கியது. டெட்டாலும் காயாத துணியும் கலந்த வாடை. கட்டிலின் காலடியில் ஜிப் இழுத்து மூடிய பை ஒன்று இருந்தது.

செல்லையா அண்ணாச்சி கம்ப்யூட்டர் மேஜையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு. துண்டுக்குக் கீழே, தொண்டையில் ஓட்டை, அதில்தான் மூச்சு. என்னைப் பார்த்ததும் வலது கையை உயர்த்தினார். வா என்றும் எடுத்துக்கொள்ளலாம், இப்போதுதான் உனக்கு நேரம் கிடைத்ததா என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் முன்னாலிருந்த திரை முழுக்கக் கறுப்பு. ஐகான் இல்லை, படம் இல்லை, மவுஸ் அம்பு இல்லை. மேல் மூலையிலிருந்து சின்னச் சின்ன வெள்ளை எழுத்துகள் வரி வரியாக இறங்கியிருந்தன. இங்கிலீஷ் எழுத்து, தமிழ்ப் பேச்சு. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் போனில் அனுப்புவார்களே, அந்தக் கூத்து. அதை அண்ணாச்சி தன் கையால் அடித்திருக்கிறார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் கல்லூரி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பிரிண்டரோடு மல்லுக்கட்டிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், நான் கம்ப்யூட்டர் படித்தது எந்தக் கல்லூரியில் என்று கேட்டிருக்கிறார். கல்லூரியாவது கத்தரிக்காயாவது! தாராவியில் அண்ணாச்சி வைத்திருந்த டைப்செட்டிங் கடைதான் என் கல்லூரி.

தோல் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்து. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். திருநெல்வேலிச் சனம் இருக்கிற இடத்தில் இந்த நாலுக்கும் பஞ்சமே வராது. நான் அடிப்பேன், அவர் பிழை பார்ப்பார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டத் தெரியும், அதற்குமேல் ஆகாது. தமிழில் மட்டும் ஒரு கொம்பு பிசகினாலும் அன்றைக்கு எனக்கு டீ கிடையாது.

ஒரு தடவை அழகம்மாள் என்ற மணப்பெண்ணை 'அலகம்மாள்' என்று அடித்துவிட்டேன். "ஏன், பொண்ணுக்கு மூக்கு நீளமோ?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நான் போய்ப் பேப்பர் கட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். அவரும் சளைக்காமல், "அழுதுட்டு வந்து திருத்திப் போடுட்டி" என்றார். மனிதருக்கு இளக்காரமும் உண்டு, இரக்கமும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வரும்.

பிற்பாடு இங்கேயே பிறந்து, இந்தியிலும் இங்கிலீஷிலும் படித்த பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்தார்கள். "அங்கிள், எங்க ஃப்ரெண்ட்ஸுக்குத் தமிழ் படிக்க வராது, இங்கிலீஷ் லெட்டர்ல தமிழ் போட்டுத் தாங்க" என்று பத்திரிகை கேட்பார்கள். அண்ணாச்சி ஒரே பேச்சில் வெட்டிவிடுவார்: "வேட்டியத் தலையில கட்டிக்கிட்டு மணவறைக்கு வருவியால? போ, வேற கடையப் பாரு."

அவருடைய சொந்த மகளும் அந்தக் கூட்டம்தான். ஊரில் குலதெய்வத்தின் பேரை வைத்து இசக்கியம்மாள். பாந்திரா பக்கத்து ஆபீஸில் அவள் ஈஷா. தமிழ் பேசுவாள், தமிழில் சண்டை போடுவாள், தமிழில் எழுதிக் காட்டினால் ஒரு எழுத்துத் தெரியாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். கடையையும் பார்த்துக்கொண்டு, சோறும் பொங்கிப் போட்டு, தலையும் பின்னிவிட்டு அனுப்பிய மனிதருக்கு அவளை உட்கார்த்தி வைத்து அ, ஆ சொல்லித்தர நேரம் ஏது?

ழ, ள, ல மூன்றும் அவள் வாயில் ஒன்றுதான். அவளுக்கு வானத்திலிருந்து மலைதான் பெய்யும். அண்ணாச்சி முதலில் காதைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். மும்பையில் பிள்ளை வளர்த்தவர்கள் எல்லோரும் எதையாவது விட்டவர்கள்தான்.

சளி பிடித்த குரல்

புற்றுநோய் தொண்டையில் வந்தது. குரல்பெட்டியை எடுத்தால்தான் ஆள் தங்குவார் என்றார்கள். எடுத்தார்கள்.

பேனாவால் எழுதிக் காட்டலாமே என்பீர்கள். எழுதினால் படிக்க வீட்டில் ஆள் இல்லை. போனில் அடிக்கலாமே என்பீர்கள். விரல் நடுக்கத்தில் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. நான் கடைக்கு வருமுன்பே வருஷக்கணக்காக அவர் அடித்துப் பழகிய டைப்ரைட்டர் பலகையில்தான் அந்தக் கை நின்றது.

கடையை மூடியபோது மிஞ்சியிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். தாராவியில் நான் எல்லோருக்கும் அதைத்தான் போடுவேன். பழைய பெட்டியிலும் ஓடும், வைரஸ் தொல்லை இல்லை. 'லினக்ஸ் அக்கா' என்று எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். தமிழ் டைப்ரைட்டர் விசைகள், கொட்டை எழுத்து, ஒரு பொத்தானை அமுக்கினால் அடித்ததை வாசித்துக் காட்டும் குரல், எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தேன்.

குரல் ஒன்றும் தேன் அல்ல. சளி பிடித்தவர் ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் செய்வதுபோல இருக்கும். ஆனாலும் முதல் நாள் அது "இசக்கி, சாப்பிட்டியா?" என்று கேட்டபோது, அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்பாவும் மகளும் இப்படித்தான் பேசினார்கள். அவர் அடிப்பார், மெஷின் சொல்லும், அவள் வாயால் பதில் சொல்வாள். சண்டைகூடப் போட்டார்கள். கோபம் வந்தால் அண்ணாச்சி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பார்.

பிறகு நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை நாக்கில் பாதி போகும் என்றார் டாக்டர். வாயால் சாப்பிடுவது இனி இல்லை. அப்படியும் பிழைப்பாரா என்பது உறுதியில்லை. செய்யாவிட்டால் கொஞ்ச மாதம்தான். வார்டில் இருந்த தமிழ் நர்ஸ் ஒருத்தி அண்ணாச்சியின் கையைப் பிடித்து, இசக்கியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அய்யா, இன்னும் ஒரு வழி இருக்கு. நீங்க சரின்னு சொன்னாத்தான் செய்வாங்க. வீட்டுல யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்று அடித்தார். மெஷின் வாசித்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

கொடைக்கு நடுவே ஒரு போன்

நான் அப்போது ஊரில் இருந்தேன். ஆடியில் எங்கள் கோயில் கொடைத் திருவிழா. மும்பையிலிருந்து கிளம்பிய ரயிலில் பாதி எங்கள் சனம்தான். வில்லுப்பாட்டு ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில் இசக்கி கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பா கம்ப்யூட்டர் செத்துப் போச்சு!"

"என்னட்டி பண்ணின?"

"அப்டேட் கேட்டுச்சு, ஓகே பண்ணேன். ரீஸ்டார்ட் ஆச்சு. பின்ன ஒண்ணுமே வரல. காலா ஸ்க்ரீன். மேல ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னுது."

எதைக் கேட்டாலும் ஓகே என்று அமுக்குகிற கையை என்ன செய்வது! நான் கோயில் வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடினேன். என்ன நடந்திருக்கும் என்பது புரிந்துவிட்டது. சிஸ்டத்தின் அடித்தளம் புதிதாக மாறியிருக்கும். அந்தப் பெட்டியில் இருந்ததோ அரதப் பழசான கிராபிக்ஸ் கார்டு. அதை ஓட்டும் டிரைவர் புதிய அடித்தளத்தோடு ஒட்டியிருக்காது. உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருக்கும். முகத்தைக் காட்ட மட்டும் அதனால் முடியாது.

இந்தக் கறுப்புத் திரை என்றாலே எங்கள் பக்கம் எல்லோருக்கும் குலை நடுங்கும். நைட்டி தைக்கிற பட்டறைக்காரர் ஒருவர், கடையநல்லூர்க்காரர், திரை கறுத்தால் மையத்து விழுந்த வீட்டு முகத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு தடவை அவருக்கு மானிட்டர் வயர்தான் கழன்றிருந்தது. "ஒரு வயருக்கா பாய் இம்புட்டு அழுகை?" என்றேன். "அளவெல்லாம் உள்ள இருக்கே தாயி, போச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றார். மனிதர்கள் அப்படித்தான். முகம் தெரியவில்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இசக்கியிடம், ஆன் ஆகும்போது ஒரு விசையை அமுக்கி மெனுவைக் கொண்டுவரச் சொன்னேன். வரவில்லை. மறுபடியும் செய்தாள். ஊஹூம். வில்லுக்காரர் வேறு உச்சஸ்தாயியில் போய்விட்டார்.

"சரி, அத விடு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ. மூணையும் சேர்த்து அமுக்கு."

"அக்கா! வந்துருச்சு! வெள்ளையா லாகின்னு கேக்குது!"

"பேரப் போடு. பாஸ்வேர்டப் போடு."

"பாஸ்வேர்டு டைப்பே ஆகலக்கா. கீபோர்டும் போச்சு போல."

"போகலட்டி. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அடிச்சு எண்டரத் தட்டு."

உள்ளே போய்விட்டாள். அடுத்து, சி, ஏ, டி என்று அடித்து எண்டர் தட்டச் சொன்னேன். "கேட்டா? பில்லியா?" என்றாள். பில்லியேதான், பூனை என்றேன். அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டால் பிறகு எதை அடித்தாலும் திரையில் அப்படியே நிற்கும்.

"ஆனா தமிழ் வராது இசக்கி. அந்தக் கறுப்புல தமிழ் அடிச்சா வெறும் கட்டம் கட்டமாத்தான் விழும். குரலும் வராது. நான் வார வரைக்கும் அப்பாவ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கச் சொல்லு. தண்ணி வேணும், கஞ்சி வேணும்னாவது சொல்லட்டும்."

அந்த வீட்டில் அதை எப்படிச் சொல்லப்போகிறாளோ என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். "அக்கா, அப்பா அடிக்கறாரு! முதல் தடவையா அப்பா எழுதறத நானே படிக்கறேன்க்கா. மெஷின் வேணாம், யாரும் வேணாம். நானே!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாமதமாகவாவது ஒரு நல்லது நடந்ததே என்று கொடையின் கடைசி மஞ்சள்நீராட்டு முடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூஞ்சியில் அடைத்த கதவு

சிரித்துக்கொண்டே என்னை உள்ளே அழைத்துப்போன இசக்கி, திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்.

vali irukku isakki

"நர்ஸ் சொன்ன அந்த வழிக்கு என்ன சொல்றீங்கப்பான்னு கேட்டேன். இதான்க்கா பதில். வழி இருக்கு இசக்கி. நான்தான் சும்மா டென்ஷன் ஆயிட்டு இருந்தேன். அவரு தைரியமா இருக்காரு. டெய்லி இதையே அடிக்கறாரு, பாருங்க."

ஆமாம், மேலேயும் கீழேயும் அதே வரி பல தடவை இருந்தது. கஞ்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே அதுதான் மறுபடி மறுபடி வந்தது. அவள் வாசித்த மாதிரியே நானும் வாசித்துக்கொண்டேன். அண்ணாச்சி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்து, தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இன்றைக்காவது தன் எழுத்தில் நாலு வார்த்தை பேசட்டும் என்று வேலையைத் தொடங்கினேன்.

பெட்டியை நிறுத்தித் திரும்ப ஆன் செய்து, சரியான நேரத்தில் விசையைப் பிடித்தேன். மெனு வந்தது. புதியதை விட்டுவிட்டுப் பழைய அடித்தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். சுழன்று சுழன்று கடைசியில் நீலப் பின்னணியோடு லாகின் படம் வந்தது. இசக்கி கைதட்டினாள். பாஸ்வேர்டைப் போட்டேன். திரை ஒரு நொடி கறுத்தது. திரும்பவும் அதே லாகின் படம்.

மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. பாஸ்வேர்டு தவறு என்றும் சொல்லவில்லை, உள்ளேயும் விடவில்லை. வாங்க வாங்க என்று வாசல்வரை கூப்பிட்டு மூஞ்சியில் கதவைச் சாத்துகிற மாதிரி.

"இதுல வேற யாரு கை வச்சா? உள்ளதச் சொல்லு."

இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாருக்கா. சூடோ போட்டு எதையோ ஸ்டார்ட் பண்ணுன்னு. அது எரர் எரரா குடுத்துச்சு, விட்டுட்டேன்."

"நல்லா கிழிச்ச!"

சூடோ என்பது எஜமான் அதிகாரத்தில் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வது. எஜமான் வந்து தொட்டுவிட்டுப் போனதில், அண்ணாச்சியின் பெயரில் இருக்க வேண்டிய ஒரு சின்ன அனுமதிக் கோப்பு எஜமான் பெயருக்கு மாறிவிட்டது. சொந்த வீட்டுக்குள் போகச் சொந்தக்காரருக்கே சாவி இல்லை. திரும்பக் கறுப்புத் திரைக்குப் போய், அந்தக் கோப்பை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை பாஸ்வேர்டு போட்டதும் கதவு திறந்தது.

கொட்டை எழுத்துப் பலகை வந்தது. தமிழ் விசை வந்தது. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன், இரைந்தது.

"அண்ணாச்சி, இனிமே உங்க ராஜ்ஜியம்" என்று நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் இரண்டு கையையும் விசைகள் மேல் வைத்தார். பிறகு அடித்தார். பொத்தானை அமுக்கினார்.

"வலி இருக்கு. ரொம்ப நாளா இருக்கு" என்றது மெஷின்.

ராஸ்தா இல்லை

இசக்கி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தீங்களாக்கா, மெஷினும் அதையேதான் சொல்லுது!" பிறகு அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஆமாப்பா, இருக்கு. நல்லாவே இருக்கு. நாளைக்குப் போறோம்."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். புரிந்துகொண்டாளே என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

நான் திரையைப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்து. ல. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அலகம்மாளுக்காக என்னை அழவைத்த மனிதர் இவர். வழி என்று சொல்ல நினைத்திருந்தால், அந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்குள் ழ-வைத் தேடித் தவித்திருப்பார். கிடைக்காவிட்டால் வேறு சொல்லுக்குப் போயிருப்பார். அவர் அடித்தது வேறெதுவும் இல்லை, எழுத்து எழுத்தாக வலிதான். ஊரில் கொடை பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"இசக்கி, அவரு வழின்னு சொல்லலட்டி. வலிங்காரு."

"அதான்க்கா. வலி."

"வழி இல்ல. வலி."

"ஹாங், வலிதானே! நானும் அதத்தானே சொல்றேன்?"

நாக்கை மடித்து ஒரு தடவையும், நீட்டி ஒரு தடவையும் சொல்லிக் காட்டினேன். அவள் என் வாயையே பார்த்தாள். அவள் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தது. அவள் அப்பன் அடித்த தமிழை அவளுக்குப் புரியவைக்கத் தமிழில் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

"ராஸ்தா நஹி, இசக்கி" என்றேன் இந்தியில், பாதை இல்லை என்று. "தர்த். தர்த் ஹோ ரஹா ஹை, போல் ரஹே ஹை." நோவு, நோகுது என்கிறார்.

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அவள் கை அப்பாவின் கையோடு அப்படியே அந்தரத்தில் நின்றது.

"தர்தா?" என்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி, "அப்பா, உங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்டாள்.

எங்கள் இருவருக்கும் புத்தி பிசகிவிட்டதா என்பதுபோலப் பார்த்தார் அவர். அடித்தார். மெஷின் வாசித்தது: "அதத்தான இத்தன நாளா சொல்லுதேன். நாளைக்கு வலிக்கு ஊசி போடத்தான கூட்டிட்டுப் போற?"

அவள் கேட்ட 'வழி'யும் அவர் காதில் 'வலி'யாகத்தான் விழுந்திருக்கிறது. இசக்கி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு ஒரு நாளும் வலின்னு சொன்னதே இல்லக்கா. தொண்டைய எடுத்தப்பகூடச் சொல்லல. எனக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அடிப்பாரு, வந்ததும் அடிப்பாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இருக்குப்பா, நல்லா இருக்கு, பயப்படாதீங்கன்னு சொன்னேன். சிரிச்சிட்டே சொன்னேன்க்கா."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அந்த அப்டேட் மேல், பழைய கார்டின் மேல், ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக மூடி மறைக்கிற அந்த இங்கிலீஷ் எழுத்து மேல். எதன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அண்ணாச்சிக்குக் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் கேட்கப்படவே இல்லை.

அதை அவளே கேட்டாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, முட்டி போட்டு அவர் நாற்காலிப் பக்கம் போய், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள்.

"அப்பா, நர்ஸ் சொன்ன அந்தப் பெரிய ஆபரேஷன். நாக்கு போகும்னு சொன்னாங்களே. அது வேணுமா, வேணாமா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விசைகளைப் பார்த்தே அடித்தார்.

"வேண்டாம்" என்றது மெஷின்.

அதைத் தப்பாகப் படிக்க யாராலும் முடியாது. இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சத்தம் பீறிட்டு வந்தது. சின்னப் பிள்ளை கீழே விழுந்து அழுகிற மாதிரி, மூச்சு விடாமல் அழுதாள். "நான் தனியா என்னப்பா செய்வேன்?" என்று கேட்டாளா, அல்லது அப்படிக் கேட்டதாக எனக்குத் தோன்றியதா, இப்போது சொல்ல முடியவில்லை. அண்ணாச்சி அவள் தலையைத் தடவினார்.

கொஞ்ச நேரம் பொறுத்து அந்தக் கை தலையிலிருந்து விசைக்குப் போனது. வேண்டாம் என்பதை எழுத்து எழுத்தாக அழித்தார். வெற்றுப் பலகையில் மறுபடி அடித்தார். அடித்துவிட்டு உடனே வாசிக்க விடவில்லை. அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

"சரி. போவோம். அழாத" என்றது மெஷின், அதே சளிக்குரலில்.

இசக்கியின் அழுகை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, படிங்க. மெஷின் சொன்னதுதான் எழுதியிருக்காரா?"

"அதேதான் எழுதியிருக்காரு" என்றேன்.

அவள் எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனைத் தேடி எடுத்தாள். ஜன்னல் பக்கம் போனாள், மழைச் சத்தத்தில் கேட்காது என்று திரும்ப அறை நடுவுக்கே வந்தாள். அண்ணாச்சி அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிர்முனையில் அந்தத் தமிழ் நர்ஸ்.

"சிஸ்டர், நான் செல்லையா பேஷன்ட்டோட டாட்டர் பேசறேன். நாளைக்கு ஆபரேஷனுக்கு நாங்க வரல. வலிக்கு மட்டும் என்ன குடுக்கணுமோ சொல்லுங்க, இப்பவே வந்து வாங்கிக்கறேன். தர்த் சிஸ்டர், தர்த்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்ல சிஸ்டர், அப்பா சரின்னுதான் சொல்றாரு. எனக்காகச் சொல்றாரு. அதான் வரல."